அண்ணாவியார் பேராதனைக்கு வந்த கதை

பேராதனையில் மருத்துவம் படித்த காலத்தில், சரச்சந்திர திறந்தவெளி அரங்கின் படிகளில் நாங்கள் பல மாலைகளைக் கழித்திருக்கிறோம். அந்த வளாகத்தில் தமிழ்க் கூத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அப்போது அறியவில்லை. பரதமும் கர்நாடக இசையுமே கலை, கூத்து ஊர்ப்புறத்து விடயம் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் கல்லூரியை விட்டுச் சென்றிருந்தோம்.

1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. அங்கு கற்பித்த எதிரிவீர சரச்சந்திர, நாடகம என்ற கிராமிய வடிவத்தைத் தழுவி 1956இல் 'மனமே'யை மேடையேற்றினார். அந்த நாடகம, தமிழ்க் கூத்தின் செல்வாக்கில் வளர்ந்த வடிவம் என்பர் ஆய்வாளர். தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன் நமது மரபின் பக்கம் திரும்பினார். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வரவழைக்கப்பட்டார். பட்டம் பெறாத அந்தக் கலைஞர் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார்.

1962இல் வடமோடியில் 'கர்ணன் போர்', அடுத்து தென்மோடியில் 'நொண்டி நாடகம்', தொடர்ந்து 'இராவணேசன்', பின்னர் 'வாலிவதை' என வரிசையாக அரங்கேறின. வட்டக்களரியில் விடியும்வரை ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கேற்ப ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. மத்தளமும் சல்லரியும் மாறவில்லை. ஊர்க்களரியில் ஆண்களே பெண் வேடமும் கட்டினர். இங்கு மாணவிகளும் ஆடினர். இப்படிச் சுருக்கியதில் இழப்பும் உண்டு என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆயினும் படித்தவர் முன் கூத்து தலைநிமிர்ந்து நின்றது அப்போதுதான்.

'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழக நுண்கலைப் பேராசிரியரானார். அதே நாடகத்தைப் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். அந்தப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் வந்தாறுமூலை. அண்ணாவியாரைத் தேடிப் பேராதனை போன ஊருக்கே பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது.

அருங்காட்சியகம் முடியையும் உடுப்பையும் காக்கும். தாளக்கட்டை அதனால் காக்க முடியாது. அது ஆளிடமிருந்து ஆளுக்குப் போகவேண்டியது. பட்டதாரிகளின் பெயர்ப் பட்டியலில் அண்ணாவியார்களுக்கு இடமுமில்லை.

நமது கல்லூரி மேடைக்கும் இது பொருந்தும். நமக்கு ஆடப் பழக்கியவர், மத்தளம் அடித்தவர், உடுப்புத் தைத்தவர், முகத்துக்குப் பூசிவிட்டவர் ஆகியோரில் எத்தனை பேரின் பெயர் நம் மலர்களில் இருக்கிறது? இடப்பெயர்வுகளில் நாம் பலவற்றை இழந்தோம். எஞ்சிய புகைப்படங்களும் நிகழ்ச்சி நிரல்களும் கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஏதேனும் ஒரு பெட்டிக்குள் இருக்கக்கூடும். தோழியரே, அவற்றைத் தேடி எடுங்கள். பின்புறத்தில், நினைவிலுள்ள பெயர்களை எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். நூற்றாண்டில் நம் அன்னைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இது.