தடுப்புப் பெப்டைடு சொன்ன பாதி உண்மை

தூசி பட்டதும் அடுக்கடுக்காகத் தும்மியிருப்பீர்கள். கொசு கடித்த இடம் தடித்து அரிப்பதையும் அறிவீர்கள். இவற்றுக்குக் காரணமான பொருள்களுள் முக்கியமானது ஹிஸ்டமின். பிரிட்டன் அறிஞர்கள் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் 1910-இல் இதன் செயல்களை ஆராய்ந்து வெளியிட்டனர்.

ஹிஸ்டமின் தனித்து எதையும் செய்துவிடாது. உயிரணுவின் மேலுறையில் பதிந்துள்ள 'ஏற்பி' என்னும் புரதத்தோடு அது பொருந்த வேண்டும். 1937-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே முதலானோர் ஹிஸ்டமினை எதிர்க்கும் பொருளைக் கண்டனர். அதன் வழிவந்த மருந்துகள் தும்மலையும் அரிப்பையும் தணித்தன. ஆனால், ஹிஸ்டமின் தூண்டும் இரைப்பை அமிலச் சுரப்பை அவற்றால் தடுக்க முடியவில்லை. ஏற்பிகள் ஒரே வகையல்ல என்பதே காரணம். 1966-இல் ஒரு வகைக்கு எச்1 என்று பெயரிட்டனர். 1972-இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் இரைப்பையில் செயல்படும் எச்2 வகையை நிறுவினர். எச்3 1983-இலும், எச்4 2000-இலும் தெரியவந்தன.

இந்த ஏற்பிகள் உடலில் எங்கெங்கே இருக்கின்றன? இதை அறிய எதிர்ப்பொருள்கள் கருவியாயின. ஏற்பியிலுள்ள அமினோ அமில வரிசையிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் செயற்கையாகத் தயாரிப்பார்கள். இதுவே பெப்டைடு. மனிதனின் எச்1 ஏற்பியில் 487 அமினோ அமிலங்கள் உள்ளன. பெப்டைடிலோ பெரும்பாலும் பத்து முதல் இருபது வரைதான் இருக்கும். இதை ஒரு பெரிய புரதத்தோடு இணைத்து முயலுக்குச் செலுத்தினால், முயலின் இரத்தத்தில் அதைப் பற்றும் எதிர்ப்பொருள் உண்டாகும். அதற்குச் சாயம் ஏற்றித் திசுவின் மேல் இட்டால், ஏற்பி உள்ள இடம் நிறம் காட்ட வேண்டும்.

காட்டிய நிறம் உண்மையானதுதானா? அதைச் சோதிக்க வந்ததே தடுப்புப் பெப்டைடு. அதே பெப்டைடை மிகுதியாக எதிர்ப்பொருளோடு முன்னதாகவே கலந்துவிடுவார்கள். பிறகு திசுவில் இட்டால் நிறம் தோன்றாது. "ஆகவே, முன்பு பற்றியது ஏற்பியைத்தான்" என்று முடிவு செய்தார்கள்.

இம்முடிவில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? இரு கைகளிலும் முறுக்கை வைத்திருக்கும் குழந்தையால் வேறு எதையும் பிடிக்க முடியாது. தன் பொம்மையையும் பிடிக்காது, பக்கத்து வீட்டுப் பொம்மையையும் பிடிக்காது. எதிர்ப்பொருளும் அப்படியே. அதன் கைகள் பெப்டைடால் நிறைந்துவிட்டால், சரியான ஏற்பியையும் பற்றாது, தவறாகப் பற்றிவந்த வேறு புரதத்தையும் பற்றாது. இரண்டு நிலையிலும் நிறம் மறையும். எனவே இச்சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

முழு உண்மைக்கு வேறு வழி வேண்டும். ஏற்பியின் மரபணுவே நீக்கப்பட்ட எலியில் சோதிக்க வேண்டும். அங்கும் நிறம் தோன்றினால் எதிர்ப்பொருள் பொய் சொல்கிறது என்று பொருள். 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், விற்பனையில் இருந்த மூன்று எச்4 எதிர்ப்பொருள்களை இவ்வாறு சோதித்தனர். ஏற்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்றும் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒட்டிக்கொண்டன!

எச்4 ஏற்பியை ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி மருந்து தேடிவந்த காலம் அது. ஏற்பி இல்லாத இடத்தில் அதைக் கண்டதாக நம்பினால், பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

தடுப்புப் பெப்டைடு பயனற்றதன்று. பெப்டைடு கலந்த பின்னும் நிறம் மறையாவிட்டால், அது எதிர்ப்பொருள் தன் கைகளால் பற்றியதால் வந்ததன்று என்று அறியலாம். நிறம் மறைந்தாலோ சோதனை முடியவில்லை. நாளை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போது, பொருள் இருக்கும் இடத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் பாராதீர்கள். இல்லாத இடத்தில் என்ன தெரிகிறது என்றும் பாருங்கள்.