கோவிவன்: கல்லில் நிற்கும் காவல் நாய்

வீரர்க்குக் கல் நட்டு வழிபட்ட தமிழர் வரலாற்றைப் பலரும் அறிவர். வீரனுக்கு நட்ட கல்லிலே அவனுடைய நாய்க்கும் பெயர் பொறித்துப் பெருமை செய்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியைச் சார்ந்த எடுத்தனூரில் கிடைத்த நடுகல் இதற்குச் சான்று. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பணியில் உயிர் நீத்தான் என்றும், கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அறிஞர் அதற்குப் பொருள் கொள்வர். வீரன் உருவத்தின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கண்ட மக்கள் நம் முன்னோர். நிரை கவர்தலை வெட்சி எனவும், மீட்டலைக் கரந்தை எனவும் வகுத்து இலக்கணம் செய்தனர். அத்தகைய நாளில், இருளில் வரும் காலடியை முதலில் கேட்ட செவி நாயின் செவியே. ஆதலின் அதனைத் தம் உடைமையாக மட்டும் எண்ணாது, தொழிலில் துணைவனாக மதித்தனர்.

அத்தொழில் இன்றும் அற்றுப்போகவில்லை. தென்பாண்டி நாட்டில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்துவர். இரவெல்லாம் ஆடுகள் நிலத்திற்கு எருவிட, நரிக்கும் கள்வனுக்கும் எதிரே நாய் விழித்திருக்கும். மும்பையில் வாழும் நமக்கும் இக்காட்சி தொலைவானதன்று. மழைக்காலம் கழிந்ததும் தக்காணத்துத் தன்கர் இடையர் மந்தையோடும் குதிரையோடும் நாயோடும் கொங்கணத்திற்கு இறங்கி வருவதைக் காணலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கோம்பை நாயும், இராசபாளையம் நாயும் இம்மரபின் எச்சங்கள். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை இராசபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. புகழ் பெருகியது, அதனோடு ஓர் இடரும் வந்தது. தூய வெண்ணிறமே அழகென்று வாங்குவோர் விரும்ப, அந்நிறத்தையே நாடி இனம் பெருக்கினர். அவ்வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருதல் உண்டு. காவலுக்குரிய செவியையே நிறத்திற்கு விலையாகக் கொடுப்பது என்ன மதிப்பு?

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில், ஊர்ப்பற்றின் காரணமாக இந்நாயை இங்குக் கொணர விழைவோர் உளர். அவ்வார்வம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்நியரை ஐயுறுவதும், எல்லையைச் சுற்றி வருவதும் அதன் இயல்பு. படிக்கட்டில் நாள்தோறும் நூறு பேர் ஏறி இறங்கும் கட்டடத்தில் அவ்வியல்பே குற்றமாகக் கருதப்படும். பின்னர்ச் சங்கிலியே அதன் வாழ்வாகும். வளர்ப்பதாயின், நாள்தோறும் நெடுநடை வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாது வேண்டும். உண்ணும்போது அதனை அணுகலாகாது என்று குழந்தைகட்குக் கற்பித்தல் வேண்டும். இவை இயலாதெனின், ஊரிலே கிடை வைத்திருக்கும் உறவினரின் நாய்க்கு மருந்துச் செலவை ஏற்பது சாலச் சிறந்தது.

நாய்க்கு அதன் நிலத்தையும் தொழிலையும் விட்டுவைப்பதும் அன்பே ஆகும். கல்லில் பெயர் பொறித்தோர் வழிவந்த நாம் இத்துணையேனும் செய்தல் கடன்.