லயத்துப் புழக்கடையும் குழந்தைகளின் தொழில் முனைப்பும்

இந்நாட்டுத் தோட்டப்புறத் தமிழரைப் பற்றி நெடுங்காலமாக வழங்கிவரும் கூற்று ஒன்று உண்டு. அவர் சம்பளத்துக்குப் பழகியவர். தாமாக ஒன்றைத் தொடங்கி நடத்தும் துணிவு அவர்க்கு இல்லை. ஆகவே அவர்தம் பிள்ளைகளிடத்தும் அதனை எதிர்பார்த்தல் வீண் என்பதே அது. இதனை வெளியார் சொன்னதைக் காட்டிலும் நம்மவர் சொன்னதே மிகுதி. 2011ஆம் ஆண்டு தொடங்கிய தொடக்கப்பள்ளித் தரநிலைக் கலைத்திட்டம் ஆக்கமும் புத்தாக்கமும், தொழில்முனைப்பு ஆகியவற்றை விரவிவரும் கூறுகளாக வகுத்தது. அவற்றை நாட்பாடத் திட்டத்தில் எழுதி முடித்தபின், "இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எங்கே வரப்போகிறது?" என்று ஆசிரியர் அறையிலேயே கேட்பவரும் உளர். இக்கூற்று உண்மைதானா என்பதைக் கோல சிலாங்கூரையும் அதற்கு வடக்கிலும் கிழக்கிலும் பரந்துள்ள தோட்டங்களையும் வைத்து ஆராய்வது பயனுடைத்து.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பால்மரக் காட்டில் தொழிலாளி தாமாக முடிவு செய்யத்தக்கது எதுவும் இருந்ததில்லை. விடியுமுன் தப்பு அடித்தோ மணி அடித்தோ எழுப்பினர். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டனர். முந்நூறு நானூறு மரங்கள் கொண்ட நிரையைக் கங்காணி காட்டினார். வெட்டு எவ்வளவு ஆழம், பட்டை எவ்வளவு தேயலாம் என்பன மேலிருந்து வந்த கட்டளைகள். பாலின் விலையோ கடல் கடந்த சந்தையில் முடிவானது. தாயோடு காட்டுக்குப் போன பிள்ளை மங்கு துடைத்தது, ஒட்டுப்பால் உரித்தது, வாளி சுமந்தது. அவ்வுழைப்பின் கூலி தாயின் கணக்கில் ஏறிற்று. பிள்ளையின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. இவ்வேலையால் பிள்ளை உழைக்கக் கற்றது என்று சிலர் பெருமை பேசுவர். கற்றது உண்மை. ஆனால் எண்ணிப் பார்க்கவும் தேர்ந்தெடுக்கவும் அது கற்பிக்கவில்லை.

ஆனால் தோட்டம் என்பது காடு மட்டும் அன்று. லயத்துக்குப் பின்னால் புழக்கடை இருந்தது.

ஐக்கிய மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேல் பல கடமைகளைச் சுமத்தியது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுக் குழந்தைகள் இருந்தால் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தை நம் பள்ளி வரலாறு எழுதுவோர் எல்லாரும் எடுத்துக்காட்டுவர். ஆனால் இன்னொரு விதியை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700 சதுர அடி வரும். எல்லாத் தோட்டங்களிலும் அவ்வளவு கிடைத்தது என்று கூறுவதற்கில்லை. கிடைத்த நிலமும் சில இடங்களில் சதுப்பாகவோ மேடாகவோ இருந்தது. எனினும் பெரட்டும் கங்காணியும் எட்டாத இடம் அஃது ஒன்றே. எதை நடுவது, எப்போது பறிப்பது, யாருக்கு விற்பது, என்ன விலை சொல்வது என்பவற்றை வீட்டாரே முடிவு செய்தனர். வீட்டார் என்றால் பெரும்பாலும் தாய்மாரே. ஆண் கையில் சம்பளக் காசு. பெண் கையில் புழக்கடைக் காசு. சீட்டுக் கட்டியது, காது குத்துக்கு நகை எடுத்தது, பள்ளிச் சட்டை வாங்கியது முதலியவற்றில் பெரும்பகுதி பின்னதிலிருந்தே வந்தது என்பது பழைய தோட்டத்தார் எவரைக் கேட்டாலும் தெரியும்.

அப்புழக்கடையில் முருங்கை, கறிவேப்பிலை, கீரை, மரவள்ளி, வாழை இருந்தன. கோழி, ஆடு, மாடும் இருந்தன. அங்கே பிள்ளைக்கும் தனியிடம் உண்டு. ஆடு வளர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாரத்துக்கு ஆடு விடும் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் ஆட்டை மற்றொருவர் வளர்த்து, ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக் கொள்வர். அவ்வழக்கம் கடல் கடந்து லயத்துக்கும் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த வீடுகளில், "இந்தக் குட்டி உன்னுடையது" என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லி விடுவதும் இருந்தது. சொன்ன நாள் முதல் அப்பிள்ளையின் நடை மாறும். தழை எங்கே கிடைக்கும் என்று தேடும். மழைக்காலத்தில் கொட்டகைக்கு எந்தத் தகரம் போடலாம் என்று பார்க்கும். குட்டி கழிந்தால் பாட்டியிடம் மருந்து கேட்கும். திருவிழாவுக்கு முன் விற்றால் விலை ஏறும், பின்னர் விற்றால் இறங்கும் என்பதை யாரும் கற்பிக்காமலே அறிந்துகொள்ளும். பெட்டைக் குட்டியை விற்கலாகாது, கிடாயை வைத்துக்கொண்டிருக்கலாகாது என்பதும் தெரியும். முதல், வட்டி, இழப்பு, காத்திருத்தல் ஆகிய அனைத்தும் அந்த ஒரு குட்டியில் அடக்கம். நான் ஆசிரியப் பயிற்சியில் படித்த கல்வியியல் நூல்களுள் எதுவும் இதனை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

கைவினையிலும் குறைவில்லை. உறைந்த பாலை நூலாக இழுத்துச் சுற்றிப் பந்து செய்தார்கள். பால் தகரத்தையும் தேய்ந்த ஜப்பான் சிலிப்பரையும் கொண்டு வண்டி செய்தார்கள். கடற்கரையோரத் தென்னந்தோப்புகளில் ஈர்க்குச் சீவித் துடைப்பம் கட்டி விற்றார்கள். கடையில் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை எதையும் ஆக்கிக்கொள்ளப் பார்க்கும். இதைச் சொல்லி வறுமைக்கு மாலை சூட்டுவது என் நோக்கமன்று. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைந்தது. பின்னர் அதற்கும் கீழே இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்குப் புழக்கடை என்பது உயிர்ப்பிடிப்பு. சப்பானியர் ஆட்சியில் ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். லயத்தில் எஞ்சிய பெண்டிரையும் பிள்ளைகளையும் காத்தது மரவள்ளிக் கிழங்கு. அந்நாளில் பிள்ளை பயிரிட்டது முனைப்பினால் அன்று, பசியினால்.

ஆகவே, வீட்டில் பிள்ளை செய்யும் வேலை எல்லாம் ஆக்கத் திறனை வளர்க்கும் என்று கொள்ளலாகாது. இவ்வட்டாரத்தின் வரலாறே அதற்குச் சான்று. பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊருக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயரோ நம் தமிழ்ப் பெயர். ஆனால் புகழ் பெற்றது தென்னையால் அன்று. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே 1917இல் இங்கேதான் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. செம்பனை பெருகப் பெருகப் பால்மரம் போயிற்று. ஆனால் பிள்ளையின் நிலை மாறவில்லை. அன்று ஒட்டுப்பால் உரித்த கை பின்னர் உதிரிப் பழம் பொறுக்கிற்று. பயிர் புதிது, பிள்ளைக்கு அதில் முடிவு செய்ய எதுவும் இல்லை என்பது மட்டும் பழையதே.

கைத்தொழில் வழியாகக் கல்வி என்னும் கருத்தை நம் முன்னோர் ஐயத்தோடு நோக்கியதற்கும் இதுவே காரணம். அதே 1917ஆம் ஆண்டில் வின்ஸ்டெட் என்னும் ஆங்கில அதிகாரி சாவகத்தையும் பிலிப்பீன்சையும் பார்த்து வந்து மலாய்ப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். கூடை முடைதலும் தோட்ட வேலையும் பாடத்தில் இடம்பெற்றன. 1922இல் நம் எல்லைக்கு அப்பால் தஞ்சோங் மாலிமில் நிறுவப்பெற்ற சுல்தான் இத்ரீஸ் பயிற்சிக் கல்லூரியிலும் அவை கற்பிக்கப்பட்டன. உழவன் மகனை நல்ல உழவனாக்கி அங்கேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சி இது என்று பிற்கால மலாய் அறிஞர் குறை கூறினர். 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி நோக்கத்தில் வேறானது. அதற்கும் எதிர்ப்பு இருந்தது. தமிழ்நாட்டில் 1953இல் இராசாசி கொண்டுவந்த திட்டமோ பெரும் புயலையே கிளப்பிற்று. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளை வீட்டில் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும் என்றது அது. குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரியே என்பது என் துணிபு. அத்திட்டத்தை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள்! பெற்றோர் தொழில் பால் வெட்டுதல் என்றால் பிள்ளை பழக வேண்டியது எது?

இதற்கு மாறாக, செருமானியக் கல்வியறிஞர் ஃபுரோபெல் 1840இல் குழந்தைத் தோட்டம் என்று தம் பள்ளிக்குப் பெயரிட்டபோது, அது வெறும் உவமையாக நிற்கவில்லை. உண்மையாகவே நிலத்தைப் பாத்தி கட்டிப் பிள்ளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார். பொதுப்பாத்தி வேறு, தன் பாத்தி வேறு. தன் பாத்தியில் எதை விதைப்பது என்பது பிள்ளையின் விருப்பம். ஃபுரோபெலின் பெயரைக் கேட்டறியாத லயத்துத் தாய், ஆட்டுக்குட்டியைக் காட்டி "இது உன்னுடையது" என்றாள். பெற்றோர் தொழிலைப் பிள்ளைமேல் ஏற்றுவதற்கும் பிள்ளைக்கென ஒன்றைக் கொடுத்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை விட்டு விலகி, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்துக் கற்றார் என்பதை நாம் வகுப்பில் கதையாகச் சொல்லுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை மின்விசிறியைக் கழற்றினால் என்ன செய்கிறோம்?

தோட்டத் தமிழர்க்கு முனைப்பு இல்லை என்போர் 1960ஆம் ஆண்டையும் நினைத்தல் வேண்டும். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கவும், வாங்கியோர் அவற்றைத் துண்டாடவும் தொடங்கிய காலம் அது. துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்கைச் செலுத்துமாறு தொழிலாளரைக் கேட்டார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அந்நாளில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. சம்பளத்தை மட்டும் நம்பிய வீடு மாதந்தோறும் அதனை எடுத்து வைத்திருக்க இயலாது. ஆடும் மாடும் கீரையும் இருந்த வீட்டுக்கே அது இயன்றிருக்கும் என்று கருதுகிறேன். தலைவர் கேட்டபோது கொடுக்கத் தெரிந்த கை, ஏற்கெனவே கணக்குப் பார்க்கத் தெரிந்த கை.

பின்னர் நேர்ந்தவை நாம் அறிந்தவை. இளஞ்செம்பனையைத் தின்னும் என்று பல தோட்டங்களில் மாடு வளர்ப்பதைத் தடுத்தனர். தோட்டங்கள் வீடமைப்புக்கும் நகரியங்களுக்கும் கைமாறின. குடும்பங்கள் வரிசை வீடுகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் பெயர்ந்தன. இழப்பீட்டைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச்சு நடந்தது. பதினாறில் ஒரு பங்கைப் பற்றி எவரும் பேசவில்லை. சிறார் தொழில் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பம் நடத்தும் தொழிலில் பிள்ளை தன் ஆற்றலுக்கேற்ற எளிய வேலை செய்ய இடங்கொடுக்கிறது. ஆனால் அடுக்கு வீட்டில் குடும்பத் தொழில் எங்கே இருக்கிறது?

அக்குறையை நிரப்பவே பள்ளிகளில் சிற்றுண்டி நாளும் தொழில்முனைவர் நாளும் நடத்துகிறோம். அங்கே நடப்பதைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். சமைப்பவர் தாய்மார், பற்றுச்சீட்டு விற்பவர் ஆசிரியர், விலை வைப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம், இலாபம் பள்ளி நிதிக்கு. பிள்ளை என்ன செய்கிறது? வாங்கித் தின்கிறது. பால்மரக் காட்டில் மங்கு துடைத்த பிள்ளைக்கு இருந்த உரிமைதான் இதற்கும் இருக்கிறது; இனிப்பு மட்டும் மிகுதி.

எம் மாணவர் குடும்பங்களுள் ஒன்று அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. பாட்டி தோட்டத்திலிருந்து வரும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்தார். இப்போது நடைவழியில் ஆறு சாயத் தகரங்களில் செடிகள் நிற்கின்றன. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பேத்தி அவற்றைக் கட்டுக் கட்டாகக் கட்டி, இரவுச் சந்தையில் காய்கறி விற்கும் அத்தையிடம் கொடுக்கிறாள். கட்டு ஒன்று ஒரு வெள்ளி; அத்தைக்கு இருபது காசு. பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கங்களில் கணக்கு இருக்கிறது. சென்ற மாதம் பூச்சி விழுந்து இரண்டு தகரச் செடிகள் போயின. தாய் புதுக்கன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம், என் காசிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் மறுத்துவிட்டாள். இருபது காசைப் பதினைந்தாக்க அத்தையோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.