நாழியும் நிறையும்

பொருளை வரையறுக்கும் முறைகளுள் முகத்தலும் நிறுத்தலும் தலையாயவை. திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இவ்விரண்டும் இன்று ஒரே இல்லத்திற் சந்திக்கின்றன. நியாயவிலைக் கடையில் அரிசி கிலோவால் நிறுத்துத் தரப்படுகின்றது; அடுக்களையிலோ அவ்வரிசி ஆழாக்காலும் உழக்காலும் முகந்து உலையில் இடப்படுகின்றது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுங் கணக்கு யாது, அதிற் பிழை நேரின் விளைவது யாது என்பன ஆராயத்தக்கன.

பழைய வாய்பாட்டின்படி 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. எனவே நாழி ஒன்றுக்கு 14,400 நெல்லாம். நடுத்தர நெல் ஆயிரம் மணி 20 முதல் 25 கிராம் நிற்குமாதலின், இந்நாழி நெல் ஏறக்குறைய 290 முதல் 360 கிராம் ஆகும். திண்டுக்கல்லிற் பெயர்பெற்ற சீரகச் சம்பாவோ மிகச் சிறு மணியுடையது. அதில் 14,400 மணி எண்ணியிடின் அந்நாழி நிரம்பாது. எண், முகவை, நிறை என்னும் மூன்றும் எல்லா நெல்லிற்கும் ஒருங்கு பொருந்தா என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேற்றுமையை முன்னோர் அறியாதாரல்லர். கி.பி. 1010-இல் நிறைவுற்ற தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களே இதற்குச் சான்று. அங்கே பொன் 'ஆடவல்லான்' என்னுங் கல்லாலும், மணிகள் 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னுங் கல்லாலும் நிறுக்கப்பட்டன. நெல்லோ 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. திருவமுதுக்கு வேண்டும் அரிசிக்கு, நெல் ஐந்துக்கு அரிசி இரண்டு என்னும் வீதமும் குறிக்கப்பட்டது. இவ்வீதத்தை இன்றைய அளவில் வைத்துக் காண்க. 5 லிட்டர் நெல் ஏறத்தாழ 2.9 கிலோ, 2 லிட்டர் அரிசி ஏறத்தாழ 1.6 கிலோ. முகவையால் ஐந்தில் இரண்டாய் நிற்கும் அரிசி, நிறையாற் பாதிக்கு மேற்பட்டதாகின்றது. 'ஐந்துக்கு இரண்டு' என்பதை எடைக்கணக்கென மயங்கிக் கொள்வாராயின், ஒவ்வொரு நாளும் அமுதுபடியிற் குறை நேரும்.

திண்டுக்கல் சீமை 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிற்று. ஆட்சி மாறினும் நெல் மரக்காலாலும் படியாலுமே முகக்கப்பட்டு வந்தது. ஊர்க்கு ஊர் படி வேறுபட்டது. தலைதட்டி அளத்தலும் கோபுரமாகக் குவித்து அளத்தலும் வேறு வேறாயின. இம்மயக்கம் ஒழிதற்பொருட்டே 1956-இல் எடையளவுச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வாணிகத்தில் வழக்குகள் குறைந்தன. எனினும் சமையல் முகத்தலை விடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அரிசியையும் நீரையும் ஒரே கலத்தால் முகப்பின் 'ஒன்றுக்கு இரண்டு' என்னும் வீதம் எக்கலத்தாலும் பிழையாது. அரிசியை மட்டும் நிறுப்பவர்க்கு அது பிழைக்கும். ஒரு கிலோ அரிசி முகவையில் ஏறத்தாழ 1.2 லிட்டராதலின், அதற்குரிய நீர் 2 லிட்டர் அன்று; ஏறத்தாழ 2.4 லிட்டராம். இதனை அறியாதார் உலையிற் சோறு வேகாது நிற்கும். பழவரிசிக்கு இன்னுஞ் சிறிது நீர் மிகுதியும் வேண்டும்.

வீட்டு உலையில் இப்பிழை ஒருவேளைச் சோற்றோடு ஒழியும். நாள்தோறும் இத்தனை நாழி என அறக்கட்டளை சாசனத்தில் எழுதப்பட்டிருப்பின் அவ்வாறன்று. எந்த ஊர் நாழி, தலைதட்டியதோ குவித்ததோ, நெல்லோ அரிசியோ என்பவற்றைத் தெளியாது கிலோவாக மாற்றின், அளித்தவர் உள்ளத்தில் இருந்த அளவு ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். குறைவது அடியார் இலையிற் படைக்கப்படும் சோறேயாம். ஆதலின் தருமங்களை நடத்துவோர் தத்தம் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய நாழியையும் மரக்காலையும் தேடியெடுத்து, அவ்வூர் அரிசியை முகந்து நிறுத்து, அவ்வெடையைச் சாசனத்தின் பக்கத்தில் எழுதிவைத்தல் கடனாம். அளவு வழுவாதவிடத்தே அறமும் வழுவாது.