அளறு யாருக்கு?

சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகே இருக்கிறது பெரும்பாக்கம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022 சனவரியில் திறக்கப்பட்டது அங்கேதான். பழந்தமிழ் நூல்களை ஆராயும் அந்தக் கூடத்திலே, தோழர்களே, ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்: அளறு! சேறு என்பது அதன் பொருள். வள்ளுவர் நரகத்துக்கு இட்ட பெயரும் அதுவே. கொதிக்கும் கொப்பரை இல்லை; எருமை ஏறிய எமன் இல்லை; கிங்கரர் கூட்டமும் இல்லை. காலை விட்டவன் கரையேற முடியாத சேறு, அவ்வளவே!

நரகத்தைக் காட்டி எச்சரிக்கப்பட்டவர் யார்? அதுவன்றோ நாம் கேட்கவேண்டிய கேள்வி!

புறநானூற்றின் 5ஆம் பாட்டிலே நரிவெரூஉத்தலையார் நிரயத்தைப் பேசுகிறார். யாரிடம்? ஏழையிடமா? இல்லை, முடிதரித்த சேரனிடம்! அருளையும் அன்பையும் துறந்து நிரயம் புகுவாரோடு சேராதே, குழந்தையைக் காப்பதுபோல் நாட்டைக் காத்திடு என்று அரசனுக்கே அறிவுரை கூறுகிறார்.

வள்ளுவர் புலால் உண்போருக்கும் (255), பொருட்பெண்டிரை நாடுவோருக்கும் (919) அளற்றைக் காட்டினார். அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் பேதைமை அதிகாரத்திலே (835), அறிவிலி தன் அளற்றைத் தானே தேடிக்கொள்கிறான் என்றார். அறியாமை அளற்றில் ஆழ்த்தும் என்பதே அவர் கருத்து.

மனுநூலைப் புரட்டுங்கள். 4ஆம் அத்தியாயம், 81ஆம் சுலோகம்! சூத்திரனுக்குத் தருமத்தை எடுத்துரைப்பவன், அவனோடு சேர்ந்தே ‘அசம்விருதம்’ என்னும் நரகில் வீழ்வானாம். சொன்னவனுக்கும் நரகு, கேட்டவனுக்கும் நரகு! அங்கே அறியாமை ஆழ்த்தும் என்றார்கள்; இங்கே அறிவு ஆழ்த்தும் என்றார்கள். அதே அத்தியாயம் 21 நரகங்களை அடுக்கிற்று. பாகவதம் 28 என்று எண்ணிக்கையை உயர்த்திற்று. அறைகள் பெருகின, அச்சமும் பெருகிற்று.

இங்கு மட்டுமா? ஐரோப்பாவிலே மறுமைத் தண்டனையைக் குறைக்கச் சீட்டு விற்றார்கள். 1517இல் மார்ட்டின் லூதர் எதிர்த்து எழுதிய பிறகே அந்த வாணிபம் ஆட்டங்கண்டது.

நம் நாட்டு வெள்ளித்திரையோ நரகத்தை இருவகையாகக் காட்டிற்று. ‘அதிசயப் பிறவி’யிலும் (1990), ‘இந்திரலோகத்தில் நா அழகப்பன்’ படத்திலும் (2008) எமலோகம் நகைச்சுவைக் களமாயிற்று. நகைப்பு நல்லதே, சிரித்தவனுக்கு அச்சம் குறையும். இடையிலே, 2005இல், ஷங்கரின் ‘அந்நியன்’ வந்தது. கும்பீபாகம், அந்தகூபம், கிருமிபோஜனம் என்று கருடபுராணத் தண்டனைகள் உயிர்பெற்றன. குற்றத்துக்கு நீதி நீதிமன்றத்தில் இல்லை, புராண ஏட்டில் இருக்கிறது என்று கதை நடந்தது. தண்டனையைக் கண்டோம், சட்டம் எழுதிய கை எது, அதன் இலக்கு எவர் என்று கேட்டோமா?

மீண்டும் பெரும்பாக்கம் வாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிகளில் வாழ்கின்றன. அவர்கள் வீட்டுச் சிறுமி ஒருத்தியின் படிப்பு பாதியில் நின்றுபோனால், அதுவே நாம் அஞ்சவேண்டிய அளறு. அவள் கையிலே புத்தகத்தைக் கொடுப்பவனுக்கு நரகமென்றால், அந்த நரகத்துக்கு நாம் மகிழ்ச்சியோடு போவோம், தோழர்களே!