கொள்கலனை நீக்கினால் எது எஞ்சும்?

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேரில் வாழும் தமிழரின் பேச்சுவழக்கை ஆய்ந்துவருகிறேன். நேர்காணல்களை எழுத்துப்படுத்தும் மென்பொருளை, மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் டாக்கர் கொள்கலனாக நிறுவியிருந்தேன். புதிய பதிப்புக்கு மாறும்பொருட்டுப் பழைய கொள்கலனை ஒருநாள் நீக்கினேன். ஒலிக்கோப்புகள் வெளியே இருந்தமையால் தப்பின; நான் எழுதிச் சேர்த்த குறிப்புகள் அனைத்தும் அழிந்தன. அவற்றுள் ஒரு மூதாட்டியிடம் தொலைபேசியில் கேட்டெழுதிய சொல்விளக்கங்களும் இருந்தன. மீண்டும் கேட்க அவர் இன்று இல்லை.

பிழை என்னுடையதே. ஆயினும், அது எங்கே வேர்கொண்டது என்று தேடியபோது கிடைத்த வரலாறு, தரவுகளோடு பணிபுரியும் மாணவர்க்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கணினியைப் பலவாகத் தோன்றச்செய்யும் எண்ணம் பழையது. ஐபிஎம் தனது விஎம்/370 அமைப்பை 1972இல் அறிவித்தது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலுக்குக் கோப்புமுறையின் ஒரு பகுதியையே முழு உலகமாகக் காட்டும் ‘சீரூட்’ இடம்பெற்றது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி ‘சிறை’ என்னும் பெயரில் அதை விரித்தது. 2008இல் லினக்ஸ் கருவகம் வளங்களைப் பங்கிட்டு வரையறுக்கும் வசதியைப் பெற்றது. இவையெல்லாம் தனிமைப்படுத்தலின் வரலாறு. 2013 மார்ச்சில் அறிமுகமான டாக்கர் இவற்றோடு அடுக்குமுறைப் படிமத்தை இணைத்துப் பரவலாக்கியது.

படிமத்தின் அடுக்குகள் படிக்க மட்டுமே உரியவை. கொள்கலன் இயங்கும்போது அவற்றின்மேல் எழுதத்தக்க மெல்லிய அடுக்கொன்று விரிக்கப்படும். கீழுள்ள கோப்பைத் திருத்தினால், அதன் நகல் மேலடுக்குக்கு வந்து அங்கேயே திருத்தம் பெறும். கொள்கலனை நீக்கினால் மேலடுக்கும் போய்விடும். இது குறைபாடன்று. வேண்டும்போது கலைத்து, வேண்டும்போது எழுப்பிக்கொள்ளவே கொள்கலன் வகுக்கப்பட்டது. என் குறிப்புகள் அந்த மேலடுக்கில்தான் இருந்தன.

தொடக்கத்தில் டாக்கர் சார்ந்திருந்த ஏயூஎஃப்எஸ், லினக்ஸின் முதன்மைக் கருவகத்தில் சேர்க்கப்படவில்லை. ரெட் ஹேட் வழி இயங்குதளங்களுக்காக 2013 நவம்பரில் ‘டிவைஸ் மேப்பர்’ முறை சேர்க்கப்பட்டது. அதன் இயல்பான அமைப்பில், பெரிய கோப்பொன்றே வட்டாகப் பாவிக்கப்பட்டது. மெய்நிகர் இயந்திரத்தின் வட்டே பெரும்பாலும் புரவலர் கணினியில் ஒரு கோப்புத்தான், அதற்குள் வட்டாக நடிக்கும் இன்னொரு கோப்பு, அதன்மேல் அடுக்குகள். வேகம் குறைந்தது. முதன்மை வட்டு நிரம்பினால் இயந்திரமே முடங்கியது. எனவே, இரண்டாவது மெய்நிகர் வட்டை இணைத்து அதைக் கொள்கலன்களுக்கென்றே ஒதுக்கும் வழக்கம் வந்தது. 2014 டிசம்பரில் வெளியான 3.18 கருவகத்தில் ‘ஓவர்லே’ கோப்புமுறை சேர்ந்தபின் அடுக்குச் சிக்கல் பெரிதும் தணிந்தது. தனிவட்டு வழக்கமோ இன்றும் தொடர்கிறது.

நான் இடறியது இங்கேதான். தனிவட்டு இணைத்திருந்தேன்; ஆகவே தரவு காக்கப்பட்டது என நம்பினேன். தனிவட்டு தீர்ப்பது இடப்பற்றாக்குறையை. கொள்கலனின் ஆயுளைக் கடந்து தரவு வாழ, ‘வால்யூம்’ எனப்படும் தனிச் சேமிப்பகம் வேண்டும். அதைப் பெயரிட்டு உருவாக்கி ஆளும் கட்டளை 2015 நவம்பரில் வந்தது. அதுவும் காப்புநகல் ஆகாது: மெய்நிகர் இயந்திரத்தை வட்டோடு அழித்தால் அதுவும் அழியும். வேறோர் இடத்தில் ஒரு படி இருந்தே ஆகவேண்டும்.

வேறோர் இடம் என்பது இத்தீவுகளில் எளிதாக இருந்ததில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்படும்வரை, இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது.

மொழியியலார்க்கு இத்தீவுகள் கற்பிக்கும் பாடமும் இதுவே. அக்கா-பேயா மொழியைப் பேசுவோர் இன்று இல்லை. எட்வர்ட் ஹொரேஸ் மேன் தொகுத்த அகராதி இருக்கிறது. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அன்விதா அப்பி செய்த ஒலிப்பதிவுகளில் அவர் குரல் இருக்கிறது. அப்பதிவுகள் அழியும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் சேர்க்கப்பட்டன. அக்காப்பகம் லண்டனிலிருந்து பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது, பதிவுகள் தொலையவில்லை. இயக்கும் இடம் வேறு, காக்கும் இடம் வேறு என முன்பே பிரித்துவைத்ததன் பயன் அது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொள்கலனை இயக்கிய முதல்நாளே, பொருளற்ற ஒரு வரியை அதில் எழுதி, கொள்கலனை நீக்கி, மீண்டும் எழுப்பிப் பாருங்கள். அவ்வரி எஞ்சியிருந்தால் மட்டும் பேச்சாளரின் சொற்களை அதனிடம் ஒப்படையுங்கள்.