பறை உள்ளே வந்த கதை



சங்கீத புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். எக்காளம், வீணை, சுரமண்டலம், யாழ், தீங்குழல், கைத்தாளம் என்று கருவிகள் அங்கே அணிவகுத்து வருகின்றன. நடுவில் ‘தம்புரு’ என்றொரு சொல் இருக்கிறது. அதை வாசிக்கும்போது உங்கள் மனக்கண்ணில் எது தோன்றுகிறது? கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தம்புராதான் பலருக்கும் தோன்றும். ஆனால் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் ‘தோப்’. அது நரம்புக் கருவியன்று. வளையத்தில் தோலைப் போர்த்திக் கையால் தட்டும் மேளம். செங்கடலைக் கடந்த மிரியாம் கையில் எடுத்ததும் அதுவே. நம் நாட்டுக் கருவிகளில் அதற்கு நெருங்கிய உறவினர் யார் என்று தேடினால், மரச்சட்டத்தில் மாட்டுத்தோல் போர்த்திய பறையின் வாசலில் போய் நிற்போம்.

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை ஆராதனையில் பறை வாசிக்கலாமா என்று எங்கள் சபையின் வாலிபர் சிலர் கேட்டிருக்கிறார்கள். ‘அது சாவு மேளம் அல்லவா’ என்று மூத்தவர் ஒருவர் மெல்லக் கேட்டார். கிட்டாரும் டிரம்ஸும் ஆலயத்துக்குள் வந்தபோது அவர் எதுவும் கேட்டதில்லை. இந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே அவர் காணும் வேறுபாடு ஓசையைப் பற்றியதன்று என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனவே இவ்வாரம் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க உங்களை அழைக்கிறேன். முதலில் கொஞ்சம் தொலைவாகப் போவோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரே பருத்திக் காட்டு மண்ணில் இரண்டு இசைகள் வளர்ந்தன. வெள்ளைக்கார ஏழை விவசாயிகளின் பாட்டு ‘கன்ட்ரி’ என்று பெயர் பெற்றது. நம் மொழியில் சொன்னால் நாட்டுப்புறப் பாட்டு. கறுப்பின மக்கள் தங்கள் சபைகளில் கைதட்டிப் பாடிய பாட்டிலிருந்து பின்னாளில் ‘சோல்’ பிறந்தது. ஆத்துமா என்றே அதற்குப் பொருள். இரு சாராரும் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டும் கற்றும் வந்தார்கள். கன்ட்ரி இசையின் அடையாளமாகக் கருதப்படும் பாஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து செய்துகொண்ட கருவி. ஆயினும் 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் விற்பனைக்காக ஒரு கோடு கிழித்தன. வெள்ளையர் பாடியவை ஒரு பட்டியலில், கறுப்பினத்தவர் பாடியவை ‘இனத் தட்டுகள்’ என்ற வேறொரு பட்டியலில். பாட்டுக்குள் இல்லாத பிரிவு அட்டவணையில் உண்டாக்கப்பட்டது.

அந்தக் கோட்டின் விலையைத் தந்தவர்களில் ஒருவர் டிஃபோர்டு பெய்லி. நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரம். மௌத் ஆர்கனில் ரயில் ஓடும் ஓசையை எழுப்பியவர். கறுப்பினத்தவர். 1941இல் அந்நிகழ்ச்சி அவரை நீக்கியது. அதே நிகழ்ச்சியைச் சிறுவயதில் வானொலியில் கேட்டு வளர்ந்தவர் ரே சார்ல்ஸ். ஏழு வயதில் பார்வையை இழந்தவர். 1954இல் அவர் ஆலயப் பாட்டொன்றின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கினார், பக்தியுள்ளோர் பதறினார்கள். (அவர்களுடைய பதற்றத்தை நான் எள்ளமாட்டேன், அந்த இடத்தில் நானும் சற்று அசைந்துதான் போயிருப்பேன்.) சோல் இசை பிறந்த இடங்களில் அது ஒன்று. 1962இல் அவர் இன்னும் துணிந்தார். வெள்ளையரின் கன்ட்ரி பாட்டுகளையே தொகுத்துத் தம் குரலில் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். உன் ரசிகர்களை இழப்பாய் என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். டான் கிப்சன் என்ற கன்ட்ரி பாடகர் எழுதிய பாட்டொன்று ரே சார்ல்ஸின் குரலில் அவ்வாண்டு அமெரிக்கப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1961இல், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்த ஒரு நிகழ்ச்சியில் பாட அவர் மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறியதற்காக அபராதம் கட்டினார். பாட்டைக் கலந்தவர், ஆசனங்களைப் பிரிக்கும் அரங்கில் பாடமாட்டேன் என்றும் சொன்னார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு இது வேண்டும்.

அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் என்ற சிற்றூரையும் சொல்லாமல் நகர முடியாது. அம்மாநில ஆளுநர் 1963இல் இனப் பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என்று பதவியேற்பு மேடையில் முழங்கினார். அதே மாநிலத்தின் அந்த ஊரில், கன்ட்ரி கேட்டு வளர்ந்த வெள்ளை இளைஞர்கள் கறுப்பினப் பாடகர்களுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தார்கள். பாப்டிஸ்ட் போதகரின் மகளான அரீத்தா ஃபிராங்க்ளின் 1967இல் அங்கே பாடினார். அந்த ஒலிப்பதிவு ஒரே நாளில் சச்சரவில் முடிந்தது என்பதும் வரலாறு; இந்தக் கதைகளை நாம் இனிப்பாக்கிவிடக் கூடாது. பின்னர் இதே கலவையில் ‘ஃபங்க்’ சேர்ந்தது. சோல் பாட்டில் கைதட்டல் இரண்டாம், நான்காம் அடிகளில் விழும். ஜேம்ஸ் பிரவுனோ முதல் அடியின்மீது முழு எடையையும் இறக்கினார். நம் தாளத்தில் சமத்தில் வந்து விழும் அழுத்தத்தை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாக ஒலிக்காது. 1969இல் டோனி ஜோ ஒயிட் என்ற லூயிசியானா பாடகர் வயல்வெளிக் கீரையைப் பற்றிப் பாடிப் புகழ்பெற்றபோது, கேட்டவர்களில் பலர் அவரைக் கறுப்பினத்தவர் என்றே எண்ணினார்களாம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

நமது ஆராதனையின் இரு கரைகள் பாமாலையும் கீர்த்தனையும். பாமாலை மேலைநாட்டு மெட்டு. கீர்த்தனை தஞ்சையின் கொடை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். குறவஞ்சி என்ற நாடக வடிவத்தையே எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது அவற்றில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையவை. நாம் இன்றும் அவற்றைப் பாடுகிறோம். நான் சாகும்வரை பாடுவேன்.

ஆயினும் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 1829இல் புதிய மிஷனெரிமாருக்கு எதிராகச் சாஸ்திரியார் எழுதிய முறையீடுகளில், தமிழ்ப் பாட்டை ஆலயத்திலிருந்து அகற்றுவது கொடுமை என்றார். சாதிகளை ஒன்றாக உட்கார வைக்க முயல்வதையும் அதே வரிசையில் கொடுமை என்றார். பாட்டைக் காத்த கையே பாயையும் பிரித்துக் காத்தது. அயலாரின் இசையை ஏற்க மறுத்ததில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. அயலாரை ஏற்க மறுத்ததில் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தம் சபைகளில் சாதிப் பிரிவை நீக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

இது தஞ்சைக் கதை என்று புதுச்சேரிக்காரராகிய நீங்கள் நிம்மதியடைய வேண்டாம். 1745ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பாருங்கள். குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவிலுள்ள சம்பா கோயிலின் உள்ளே அன்று ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். நாமெல்லாரும் ஒரே பிள்ளைகளானால் இந்தச் சுவர் ஏன் என்று ஒடுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இன்று நிற்கும் ஆலயம் 1791இல் எழுந்தது. சுவர் இருந்த பழைய கட்டடம் ஆங்கிலேயர் இந்நகரை இடித்தபோது மண்ணாயிற்று.

ஆக, நம் ஆலயங்களில் இடம் பெற்ற இசைகள் இரண்டு. ஒன்று ஆட்சியாளரோடு கப்பலில் வந்தது. மற்றொன்று அரண்மனை அவையிலிருந்து வந்தது. சபையில் பெரும்பான்மையோர் வந்த சேரியின் இசை வாசலுக்கு வெளியே நின்றது. அதை உள்ளே அழைத்துவந்தவர் ஒருவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். கலைந்த தலைமுடிக்காகப் ‘பரட்டை’ என்ற பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டு, மாணவர்களுக்குப் ‘பரட்டை அண்ண’னானவர். கர்நாடக இசையும் மேலைநாட்டு இசையும் அறிந்தே அவற்றை ஒதுக்கிவைத்தார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய வாதம் எளியது. கீர்த்தனைக்குப் பயிற்சி வேண்டும். ஆர்கனுக்குப் பணம் வேண்டும். தெம்மாங்கையும் கும்மியையும் களையெடுக்கும் பெண் ஒருமுறை கேட்டு மறுநாளே பாடுவாள். தனக்கு வேண்டியபடி ஓர் அடியை மாற்றியும் பாடுவாள். அப்படி மாற்றுவதைப் பிழை என்று அப்பாவு எண்ணவில்லை. அதற்காகவே அந்த வடிவத்தைத் தேர்ந்தார். பாட்டு மாறும்போது பாடுகிறவர் இறையியல் செய்கிறார் என்பது அவர் நம்பிக்கை. 1986இல் வந்த அவருடைய நூல் நாட்டார் வழக்காற்றைச் சமூக மாற்றத்தின் கருவியாகக் காண்பது.

1990களில் அவர் தென்னிந்திய திருச்சபையின் ஆராதனை முறைமை முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து எல்லாம் நாட்டுப்புற மெட்டில், வயற்காட்டுப் பேச்சில், பறையோடு. கடவுளைப் பிதா என்று மட்டும் அழையாமல், தாயும் தந்தையும் அடங்கும்படி ‘பெற்றவரே’ என்ற பொருளில் கிராமத்துச் சொல்லால் அழைத்தார். திருவிருந்தை ‘ஒரே உலை’ என்ற எண்ணத்தோடு இணைத்தார்: ஒரே பானையில் எல்லாருடைய அரிசியும் வேக வேண்டும், அதை எல்லாரும் சேர்ந்துண்ண வேண்டும். யார் தொட்ட சோற்றை யார் உண்பது என்பதே சாதியின் இதயமாக இருக்கும் நாட்டில் இது உவமை அன்று. அகஸ்டா அரங்கில் பாட மறுத்தவரை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டு மட்டும் கலந்தால் போதாது என்பதை இருவரும் கண்டிருந்தார்கள்.

அவர் பாட்டுகள் ஒலிநாடாக்களில் ஊர் ஊராகச் சென்றன; அவரிடம் பயின்ற போதகர்கள் அவற்றைத் தங்கள் சபைகளுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்க இசையியலாளர் சோயி ஷெரினியன் அவரோடு பணியாற்றி எழுதிய நூல் 2014இல் வெளிவந்தது.

எதிர்ப்பு மேட்டுக்குடியினரிடமிருந்து மட்டும் வந்ததாக நீங்கள் எண்ணினால், அது சரியன்று. ‘எங்கள் பாட்டன் சாவு வீட்டில் அடித்த பறையை நாங்கள் தூக்கியெறிந்து படித்து முன்னேறியிருக்கிறோம், அதை மறுபடி எங்கள் தோளில் மாட்டுகிறீர்களா?’ என்று ஒடுக்கப்பட்ட சமூகத்தாரே கேட்டார்கள். பறையடிக்க மறுப்பது பல ஊர்களில் தன்மானப் போராட்டமாகவே நடந்தது. இந்தக் கேள்விக்கு முன் நான் தலைவணங்குகிறேன். கறுப்பின அமெரிக்கர் பலர் பாஞ்சோவைக் கைவிட்டதும் இப்படித்தான். முகத்தில் கரிபூசிய வெள்ளைக் கூத்தாடிகள் அதைக் கேலிப்பொருளாக்கிவிட்டிருந்தார்கள். கட்டாயத்தின் பேரில் தெருமுனையில் அடிக்கப்பட்ட பறையும், விரும்பி எடுத்துப் பீடத்தின் அருகே வாசிக்கப்படும் பறையும் ஒன்றல்ல என்பது அப்பாவு தரப்பின் விடை. எனக்கு அது ஏற்புடையது. ஆனால் அந்த விடையைச் சொல்லும் உரிமை முதலில் யாருக்கு என்பதையும் நாம் மறக்கலாகாது. எங்கள் சபையில் கேட்ட வாலிபர்கள் அந்தப் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள். ஆகவே நான் ‘ஆகட்டும்’ என்றேன்.

நம் கரையிலும் இப்படியொரு பாட்டு உண்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டு. கயிற்றின் இழுவையே அதன் தாளம். இயந்திரப் படகு வந்தபின் அதைப் பாடத் தேவை இல்லாமற் போயிற்று. ‘குருசு’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லையே பெயரில் சுமக்கும் நம் குப்பத்தில், அந்தப் பாட்டில் ஓரடியாவது தெரிந்த முதியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். பண்டிகைக்கு முன் என்னிடம் கொண்டுவாருங்கள்.

பண்டிகை ஏற்பாட்டில் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல் மீதமிருக்கிறது. பறையின் தோல் தளர்ந்தால் ஓசை மங்கும். கடற்காற்றின் ஈரத்தில் விரைவாகவே தளரும். வாசிக்குமுன் தீயில் காய்ச்சியாக வேண்டும். ஆகவே ஆராதனை நேரத்தில் ஆலய வாசலருகே வைக்கோலும் காகிதமும் எரிந்துகொண்டிருக்கும். பிரசங்க வேளையில் வாலிபர் இருவர் எழுந்து வெளியே போய்த் திரும்பினால், என் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.